தனி கிராபிக்ஸ் அட்டையின் பயன்



பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில் கணிப்பொறி இன்றியமையாப் பொருளாகிவிட்டது. ஊரிலுள்ள பெற்றோரின் முகம் காண்பதும், பிள்ளைகள் பாடம் கேட்பதும் அதன் வாயிலாகவே நிகழ்கின்றன. தில்லி நேரு பிளேஸிலோ, மும்பை லாமிங்டன் சாலையிலோ, பெங்களூர் எஸ்.பி. சாலையிலோ அதனை வாங்கச் செல்வோரிடம், தனி கிராபிக்ஸ் அட்டை வேண்டுமா என்று கடைக்காரர் வினவக்கூடும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தோடு நிற்கும் நாம், அதன் பயன் யாதென அறிந்த பின்னரே விடை கூறுதல் நன்று.

திரையில் தோன்றும் காட்சி யாவும் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. வழக்கமான முழு எச்.டி. திரையில் அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080, ஆக 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை இவை புதுப்பிக்கப்படுமாயின், 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் ஒரு நொடியில் தீட்டப்பட வேண்டும். 4கே திரைக்கு இதனினும் நான்கு மடங்கு.

ஓர் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். அனுபவம் மிக்க தலைமை எழுத்தர் எத்தகைய சிக்கலான கோப்பையும் ஆராய்ந்து முடிப்பார். ஆயினும், பதினாயிரம் உறைகளில் முத்திரை குத்த வேண்டுமெனில், அவரைக் காட்டிலும் நூறு ஊழியர் கூடி விரைவில் முடிப்பர். மையச் செயலி அத்தலைமை எழுத்தர்; கிராபிக்ஸ் செயலி அவ்வூழியர் கூட்டம். எளிய கணக்குகளை ஒரே வேளையில் ஏராளமாகச் செய்வதே அதன் வன்மை.

1999-ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் ஜீஃபோர்ஸ் 256 என்னும் அட்டையை, உலகின் முதல் ‘ஜி.பி.யு.’ என்று விளம்பரம் செய்து வெளியிட்டது. 2011-இல் வந்த இன்டெல் செயலிகளிலோ, கிராபிக்ஸ் பகுதி மையச் செயலியின் சில்லிலேயே அமைந்தது. சாதாரண வேலைகளுக்குத் தனி அட்டை கட்டாயமன்று. கடிதம் எழுதுதல், தமிழில் தட்டச்சு செய்தல், கணக்கு வைத்தல், திரைப்படம் காணுதல், முகம் பார்த்துப் பேசுதல் ஆகியவற்றுக்கு உள்ளமைந்த பகுதியே போதும். கணிப்பொறி மந்தமாக இயங்குகிறதெனில், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்துவதும், ராம் நினைவகத்தைக் கூட்டுவதுமே பெரும்பாலும் தக்க பரிகாரம்.

அங்ஙனமாயின் தனி அட்டையால் விளையும் நன்மை யாது? உள்ளமைந்த பகுதி, கணிப்பொறியின் பொது நினைவகத்தையே பங்கிட்டுக்கொள்கிறது. தனி அட்டைக்கோ சொந்த நினைவகம் உண்டு. ஆதலின், முப்பரிமாண வரைபடம் தீட்டும் கட்டடக்கலை மாணவருக்கும், பிளெண்டர் போன்ற மென்பொருளில் உருவங்களை அசையச் செய்வோருக்கும், நீண்ட வீடியோக்களைத் தொகுப்போருக்கும், உயர்தர விளையாட்டுகளை விரும்புவோருக்கும் அது உண்மையான துணை. மணிக்கணக்கில் காத்திருக்கும் வேலை வெகுவாகச் சுருங்கும். மேலும், பெயரின் ஈற்றில் ‘எஃப்’ எழுத்துடைய இன்டெல் மேசைக் கணிப்பொறிச் செயலிகளில் உள்ளமைந்த பகுதி பயன்படாது. அவற்றுக்கு அட்டை இன்றியமையாதது.

வாங்குவோர் மூன்று செய்திகளை நினைவிற் கொள்க. முதலாவது மின்சாரம். தாய்ப்பலகையிலுள்ள பொருத்துவாய் 75 வாட் வரையே அட்டைக்குத் தரும், ஜீஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 4060 போன்ற அட்டைக்கோ 115 வாட் வேண்டும். எனவே மின்வழங்கியின் திறனைக் கேட்டறிதல் அவசியம். இரண்டாவது, திரையின் கம்பியைத் தாய்ப்பலகையில் அன்றி அட்டையிலேயே செருக வேண்டும். மூன்றாவதே தலையாயது. மேசைக் கணிப்பொறியில் அட்டையைப் பின்னரும் சேர்க்கலாம். மடிக்கணினியில் பெரும்பாலும் அது இயலாது.

ஆகவே, பள்ளியிற் பயிலும் பிள்ளைக்கு மேசைக் கணிப்பொறி வாங்குவோர், அட்டைக்கு இடமுள்ளதாகப் பார்த்து வாங்கி, அப்பணத்தை இப்போது சேமிக்கலாம். நாளை அப்பிள்ளை கட்டடக்கலையோ அசைவூட்டக் கலையோ பயிலச் செல்லும்போது, அன்றைய நல்ல அட்டையை வாங்கித் தரலாம். மடிக்கணினி வாங்குவோரோ, பிள்ளை பயிலப்போகும் கல்வி யாதென்று கேட்டறிந்து, அதற்கேற்ப இன்றே முடிவு செய்தல் வேண்டும்.