அமெரிக்க மண்ணில் தாய்மொழி எனும் அமானிதம்

 



வானங்களையும் பூமியையும் படைத்ததைத் தன் அத்தாட்சிகளாக எடுத்துரைக்கும் இறைவன், மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதையும் அவற்றுடன் சேர்த்தே கூறுகின்றான் (30:22). ஒவ்வொரு தூதரையும் அவரவர் சமுதாயத்தாரின் மொழியிலேயே அனுப்பியதாகவும், அவர் அவர்களுக்குத் தெளிவாக விளக்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம் என்றும் அருள்மறை அறிவிக்கின்றது (14:4). உள்ளத்தில் உள்ளதைத் தெளிவாக எடுத்துச் சொல்வதற்கு மொழி வேண்டும். இறைத்தூதருக்கே அது தேவைப்பட்டது என்றால், பிள்ளைக்குப் புத்தி சொல்ல வேண்டிய தகப்பனுக்கும் தாய்க்கும் அது எவ்வளவு தேவை என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

இந்தத் தேவை கடுமையாகச் சோதிக்கப்படும் ஒரு நாடு அமெரிக்கா. அங்கே வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுவோர் 1980ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 31 இலட்சம் பேர். 2019ஆம் ஆண்டில் அத்தொகை 6 கோடியே 78 இலட்சத்தை எட்டியது. இதைக் கேட்பவர்கள், அங்கே பிறமொழிகள் செழித்து வளர்கின்றன என்று எண்ணக்கூடும். ஆற்றில் புதுவெள்ளம் வந்துகொண்டே இருந்தால் பழைய நீர் வற்றுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு குடும்பத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். குடியேறியவர் தாய்மொழியில் பேசுகிறார். அவர் மகன் அதைப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். பேரனுக்கோ அது புரிவதும் இல்லை. மூன்று தலைமுறைகளில் ஒரு மொழி வீட்டைவிட்டு வெளியேறிவிடுகிறது. இத்தாலியர், போலந்து நாட்டவர், ஜப்பானியர் எனப் பல சமூகங்களிலும் இதுவே பெரும்பாலும் நிகழ்ந்தது.

சகோதரர்களே! பேசுவதற்கு ஆள் இல்லாவிட்டால் அறிஞருக்கும் மொழி நிலைக்காது. உமர் இப்னு ஸயீத் என்பவரின் வரலாறு இதற்குச் சான்று. இன்றைய செனகல் நாட்டை ஒட்டிய ஃபூத்தா தோரோ பகுதியில் பிறந்து, நீண்ட காலம் மார்க்கக் கல்வி பயின்றவர் அவர். அடிமையாகப் பிடிக்கப்பட்டு 1807ஆம் ஆண்டு அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டார். 1831ஆம் ஆண்டு தம் வாழ்க்கை வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றது. தம் சொந்த மொழியிலும் அரபியிலும் பெரும்பகுதியை மறந்துவிட்டதாக அவரே அதில் வருந்திக் குறிப்பிடுகின்றார். விலங்கிடப்பட்ட அந்த மனிதருக்கு, தம் மொழியில் பேச ஒரு குடும்பம் வாய்க்கவில்லை. இன்று குடும்பத்துடன் விமானத்தில் சென்று இறங்குபவர்களுக்கு அந்த அருட்கொடை இருக்கின்றது. அதை அவர்கள் பயன்படுத்துகிறார்களா என்பதே கேள்வி.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் ஜெர்மனி எதிரியானதும், அமெரிக்காவில் ஜெர்மன் மொழியும் சந்தேகத்திற்கு உள்ளானது. நெப்ராஸ்கா மாநிலம் 1919ஆம் ஆண்டு, எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்குப் பிறமொழி கற்பிப்பதைக் குற்றமாக்கியது. ஒரு கிறித்தவப் பள்ளியில் பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் வாசிப்பைக் கற்பித்த இராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் பணியவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1923ஆம் ஆண்டு அந்தச் சட்டம் செல்லாது என நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். உரிமை கிடைத்துவிட்டது. ஆனால், அங்கே அன்று வீடுதோறும் ஒலித்த ஜெர்மன் மொழி பின்வந்த தலைமுறைகளில் மங்கிப் போயிற்று. பேசும் உரிமையை நீதிமன்றம் வழங்கலாம். பேசும் பழக்கத்தை வீடுதான் வழங்க முடியும்.

2025ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், ஆங்கிலத்தை நாட்டின் ஆட்சிமொழியாக அறிவிக்கும் ஆணையில் அதிபர் டிரம்ப் கையொப்பமிட்டார். அந்த ஆணையும் எவருடைய வீட்டுக்குள்ளும் நுழைந்து வாயை மூடுவதில்லை. வீட்டுக்குள் மௌனம் நுழைவது நம் அலட்சியத்தால்தான்.

அப்படியானால் ஆங்கிலம் கற்கக் கூடாதா? அவ்வாறு எவரும் கருதிவிட வேண்டாம். பிற சமூகத்தாரின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதும், ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் குறுகிய நாட்களில் அதைக் கற்றுத் தேர்ந்தார்கள். வாழும் நாட்டின் மொழியை நன்கு கற்பதும், அண்டை வீட்டாருடன் அழகிய முறையில் பழகுவதும் நம் கடமைகளே. ஒரு பாத்திரத்தில் பால் ஊற்றுவதற்கு அதிலுள்ள தேனைக் கொட்ட வேண்டியிருக்கலாம்; பிள்ளையின் உள்ளம் அத்தகைய பாத்திரம் அன்று. இரண்டு மொழிகளையும் அது தாங்கும்.

தாய்மொழி போய்விட்டால் போவது என்ன? முதலாவது, பெற்றோரின் சொல் வலுவிழக்கிறது. பத்து வயதுப் பிள்ளை மருத்துவரிடமும் வங்கியிலும் தாய்க்காகப் பேசும்போது, குடும்பத்தின் கடிவாளம் அறியாமலே அதன் கைக்கு மாறுகிறது. தாயின் நோயைத் தாய்க்கே எடுத்துச் சொல்லும் சுமையை ஒரு குழந்தையின் தலையில் வைப்பது என்ன நியாயம்? அவசர நிலை தவிர மற்ற வேளைகளில் மருத்துவமனைகள் சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று அமெரிக்க அரசின் விதியே 2016ஆம் ஆண்டு தடுத்தது. இரண்டாவது, வளர்ந்த மகனின் மனக்கவலையைக் கேட்டு ஆறுதல் சொல்லத் தகப்பனிடம் ஆங்கிலம் போதாது. தன் கவலையைச் சொல்ல மகனிடம் தாய்மொழி போதாது. ஒரே கூரையின் கீழ், 'சாப்பிட்டாயா, தூங்கினாயா' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இதில் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் நிலை இன்னும் நுட்பமானது. டியர்பார்ன் நகரில் குடியேறிய அரபுக் குடும்பத்துக்குக் கடைவீதியும் பள்ளிவாசலும் அதன் மொழிக்குத் துணை நிற்கின்றன. நம் பிள்ளைகள் செல்லும் பள்ளிவாசலில் பல நாட்டவரும் கூடுவதால் அங்கே பொதுமொழி ஆங்கிலம். ஓதக் கற்பது அரபு. தோழர்களோடு பேசுவது ஆங்கிலம். ஆகவே, தமிழுக்கு எஞ்சியிருக்கும் இடம் பெரும்பாலும் வீடு ஒன்றுதான். அங்கும் அதற்கு இடமில்லை என்றால் அது எங்கே போகும்?

எனவே, அங்குள்ள பெற்றோர்களே! உணவு நேரத்தையாவது தாய்மொழிக்கு ஒதுக்குங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். பேச்சோடு நிறுத்தாமல் எழுத்தையும் கற்றுக்கொடுங்கள். எழுத்தறிந்த பிள்ளைக்கு நீங்கள் அருகில் இல்லாத காலத்திலும் நூல்கள் துணையிருக்கும். மார்க்கத்தை அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். பாசத்தை உங்கள் மொழியில் சொல்லுங்கள்.

இங்கிருந்து இதை வாசிக்கும் பாட்டன்மார்களே, பாட்டிமார்களே! உங்களுக்கும் இதில் பங்குண்டு. தொலைபேசியில் பேரன் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசும்போது சிரித்துவிடாதீர்கள். ஒரு முறை கூசிப்போன நாவு மறுமுறை திறக்கத் தயங்கும். அவனுக்காக நீங்கள் அரைகுறை ஆங்கிலத்துக்குத் தாவவும் வேண்டாம். உங்கள் ஊரின் மழையையும், பெருநாள் சமையலையும், அவன் தகப்பன் சிறுவயதில் செய்த குறும்புகளையும் நிதானமாகத் தமிழில் சொல்லுங்கள். அவன் கேட்பான், கேட்ட பிள்ளை ஒருநாள் பேசுவான்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட எந்த அமானிதமும் நம் கையோடு முடிந்துபோகக் கூடாது. நம் பெற்றோர் நமக்குத் தந்த மொழியை நம் மக்களுக்கும் கொண்டு சேர்க்கும் பொறுப்பை உணர்ந்து நடக்க, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.