தச்சருக்கு எதற்கு வருமான வரிக் கணக்கு?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வருமான வரி என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். உட்காருங்கள், இன்று பேசப்போவது உங்கள் வரியைப் பற்றி அல்ல. நம் வீடுகளில் அலமாரியும் கிச்சன் கப்போர்டும் செய்துகொடுக்கிற தச்சரின் கணக்கைப் பற்றி. அதில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

நம் குடியிருப்பில் வேலை செய்கிற தச்சர் ஒருவர் போன மாதம் என்னிடம் வந்தார். ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு வீடு வாங்கக் கடன் கேட்டிருக்கிறார். வங்கியில் மூன்று வருட ஐடிஆர் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். "எனக்கு வரியே கிடையாதே சார், நான் எதுக்கு ரிட்டர்ன் போடணும்?" என்றார். இருபது வருடமாகக் கை ஓயாமல் வேலை செய்கிற மனிதர். ஆனால் அவர் சம்பாதிக்கிறார் என்று சொல்ல ஒரு காகிதம் இல்லை.

அவர் சொன்னதில் பாதி சரி. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால், தள்ளுபடி போக வரி பூஜ்யம். ஆனால் 4 லட்சத்தைத் தாண்டினாலே கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். வரி இல்லை என்பது வேறு, கணக்கு வேண்டாம் என்பது வேறு.

அடுத்து அவர் கேட்டது செலவைப் பற்றி. பிளேடு, டிரில்லிங் மெஷின், பெட்ரோல், கையாள் கூலி, இதற்கெல்லாம் பில் வேண்டாமா என்றார். சிறு தொழில் செய்பவர்களுக்கு 44ஏடி என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆண்டு வரவு 2 கோடிக்குள் இருந்தால் போதும். வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வந்த பணத்தில் 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம், இதற்குக் குறையாமல் லாபம் காட்டினால் சட்டம் ஏற்றுக்கொள்ளும். மீதி முழுவதும் செலவு என்று எடுத்துக்கொண்டுவிடும், மெஷின் தேய்மானம் உட்பட. தனியாகக் கழிக்க எதுவும் இல்லை, பில்லும் கேட்பதில்லை. படிவத்தின் பெயர் ஐடிஆர்-4, சுகம். வரித்துறை வைத்த பெயர்தான், நான் கிண்டல் செய்யவில்லை.

(2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறும். ஆனால் 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டமே.)

நம் தச்சருக்கு வருடத்தில் 9 லட்சம் கூலி வந்தது என்று வைத்துக்கொள்வோம். 6 லட்சம் ஜிபேயில், 3 லட்சம் ரொக்கம். சட்டப்படி குறைந்தபட்ச லாபம் 36,000, அதோடு 24,000, ஆக 60,000 ரூபாய். பல ஏஜென்டுகள் இந்தத் தொகையைப் போட்டுத் தாக்கல் செய்துவிட்டு, காசு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வரும். வருடத்துக்கு 60,000 சம்பாதிக்கிறவருக்கு எந்த வங்கி வீட்டுக் கடன் கொடுக்கும்? கையாள் கூலி, பெட்ரோல், பட்டறை வாடகை எல்லாம் போக அவருக்கு உண்மையில் 5 லட்சம் நிற்கிறது என்றால் அதையே காட்டலாம். கூடுதலாகக் காட்டத் தடை இல்லை. அப்போதும் வரி பூஜ்யம்தான். 60,000 என்று காட்டி அவர் மிச்சப்படுத்தியது என்ன? ஒன்றுமில்லை. நாளைக்கு அவர் பைக்கில் போகும்போது விபத்து நேர்ந்து குடும்பம் நஷ்டஈடு கேட்டாலும், வருமானத்துக்கு ஆதாரமாகத் தீர்ப்பாயம் முதலில் பார்ப்பது இந்த ஐடிஆரைத்தான்.

உண்மை லாபம் தெரிய ஒரு நோட்டு வேண்டும். நாற்பது பக்க நோட்டு போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் தொழில் செலவு. மளிகை அதில் வரக்கூடாது. சீட்டுப் பணமும் மைத்துனர் அனுப்பிய கைமாற்றும் தொழில் வரவோடு கலக்காமல் இருக்கத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு இருந்தால் நல்லது. வங்கிக்கு இன்னொரு விஷயமும் கண்ணில் படும். மூன்று வருட ரிட்டர்னும் ஒரே வாரத்தில் போட்டிருந்தால், கவுன்ட்டரில் இருப்பவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

லாபம் 6, 8 சதவீதத்துக்கும் கீழே என்று சொல்பவர்களுக்கு வழி வேறு. முறையான கணக்குப் புத்தகம், ஐடிஆர்-3, பல சமயம் ஆடிட்டும் உண்டு. சுகம் முறையில் ஒரு முறை சேர்ந்துவிட்டு இப்படி வெளியேறினால் ஐந்து வருடம் திரும்பி வர முடியாது. கூலி வேலை செய்கிறவருக்கு இது தேவைப்படுவது அபூர்வம்.

இன்டீரியர் கம்பெனிகளுக்கு வேலை செய்கிற தச்சர்கள் டிடிஎஸ்ஸைக் கவனிப்பதே இல்லை. 4 லட்சம் கூலிக்கு 1 சதவீதம், 4,000 ரூபாய் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம், 80,000 ரூபாய்! பான் கொடுத்து, பிடித்த தொகை 26ஏஎஸ்ஸில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ரிட்டர்ன் போட்டால் அந்தப் பணம் திரும்பி வரும். அந்த வருடக் கணக்கை அடுத்த டிசம்பர் 31 வரை தாமதமாகப் போடலாம், கட்டணம் உண்டு. அதற்குப் பிறகு போடும் புதுப்பிக்கப்பட்ட கணக்கில் (ஐடிஆர்-யு) ரீஃபண்ட் கேட்க முடியாது. போட்டுவிட்டு ஆதார் ஓடிபியில் 30 நாளுக்குள் உறுதி செய்யவும் மறக்கக்கூடாது. உறுதி செய்யாத கணக்கு செல்லாது.

இனி நம் பங்கு. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. அதிலிருந்து "ரொக்கமா கொடுங்க சார்" என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பயத்துக்கு நாமும் ஒரு காரணம். 2.5 லட்சத்துக்குக் கிச்சன் வேலை கொடுக்கிறோம். அதில் கூலி 70,000தான் இருக்கும். பிளைவுட், சன்மைக்கா, கீல் வாங்க மொத்தப் பணத்தையும் அவர் கணக்கில் போட்டுவிடுகிறோம். அவர் வாங்கி அவரே பொருத்தினால் முழுத் தொகையும் அவருடைய வரவு. இப்படிப் பத்து வீடு செய்தால் ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்சம் வரம்பைத் தாண்டிவிடுவார், அவர் கைக்கு வந்த கூலி 7 லட்சமாகவே இருக்கும்போது. ஆகவே மரச்சாமான் கடைக்கு நீங்களே நேரடியாகப் பணம் கட்டுங்கள், பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள். கூலியை மட்டும் அவருக்கு யுபிஐயில் அனுப்புங்கள். அனுப்பும்போது "கப்போர்டு கூலி" என்று இரண்டு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். உங்கள் வீட்டில் வேலை செய்கிற தச்சர், பிளம்பர், பெயின்டர் யாராக இருந்தாலும் பான், ஆதார், பாஸ்புக்கோடு அனுப்பிவையுங்கள். ஆதாரில் பதிந்த கைப்பேசியையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.