கடல் அலங்கார மீனுக்கு முதல் ஒரு மாதம் தனித்தொட்டி



கடலூர், சிதம்பரம் பக்கம் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும், அலங்கார மீன் வளர்த்து விற்பவர்களுக்கும் இந்தப் பேச்சு. நம்ம மாவட்டத்துக்கு இது புதுசு இல்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம், கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியது.

"கடல் மீன் வாங்கினா பத்து நாள் கூடத் தாங்காது" என்று பலரும் சொல்வார்கள. பல நேரம் காரணம், புது மீனோடு சேர்ந்து வரும் ஒட்டுண்ணி. ஒரு மீனில் வந்தால் தொட்டி முழுக்கப் போய்விடும்.

அதிகம் வருவது வெண்புள்ளி நோய். உடம்பில் உப்புத்தூள் தூவியது போல் இருக்கும். சில நாளில் புள்ளி மறையும். குணமாகிவிட்டது என்று நினைப்போம். உண்மையில் ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொண்டு பெருகுகிறது. சில நாளிலோ சில வாரத்திலோ கூடு வெடித்து, நூற்றுக்கணக்கில் வெளியே வந்து மறுபடி மீனைப் பிடிக்கும். கூட்டுக்குள் இருக்கும்போது மருந்து எடுபடாது. அதனால்தான் சிகிச்சைக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

நன்னீர் மீனுக்குச் செய்வது போல உப்பு போட்டால் இதற்குச் சரியாகாது. மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, தொட்டி மாற்றும் முறை. 3 நாளுக்கு ஒருமுறை மீனை மட்டும் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். மொத்தம் 4 முறை. பழைய தொட்டியைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். மருந்துச் செலவு இல்லை. உழைப்பும் கடல்நீரும் அதிகம் தேவை.

இரண்டாவது, உப்பைக் குறைப்பது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை இரண்டு மூன்று நாளில் 15–16 கிராமுக்கு இறக்கி, 3 முதல் 4 வாரம் வைக்க வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டரால் தினமும் அளக்கணும். கொஞ்சம் ஏறினாலும் பலன் போய்விடும்.

மூன்றாவது, செம்பு மருந்து. லிட்டருக்கு 0.15–0.20 மில்லிகிராம் செம்பு, குறைந்தது 3 வாரம். சோதனைக் கிட் இல்லாமல் மயில்துத்தத்தைக் கைக்கணக்கில் போடாதீர்கள். கூடினால் மீனே செத்துவிடும். கடையில் விற்கும் செம்பு மருந்துகளுக்கு அளவு வேறுபடும், லேபிளைப் பாருங்கள். இறால், நத்தை, சங்கு இருக்கும் தொட்டியில் செம்பு கூடவே கூடாது.

புள்ளிக்குப் பதில் பொன்தூள் போலப் படர்ந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோய். இரண்டு மூன்று நாளிலேயே கொல்லும். உப்பைக் குறைப்பது இதற்கு உதவாது, உடனே செம்புதான்.

எந்த முறையானாலும் தனித்தொட்டியில்தான் செய்யணும். மணல், பவளக்கல், சிப்பி வேண்டாம். அவை செம்பை உறிஞ்சிக்கொள்ளும். பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிய ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும். வலை, வாளி தனியாக இருக்கட்டும். அம்மோனியாவைத் தினமும் பாருங்கள். புது மீன் நன்றாகவே தெரிந்தாலும் 4 முதல் 6 வாரம் அங்கேயே இருக்கட்டும்.

பெரிய தொட்டியில் நோய் வந்துவிட்டதா? எல்லா மீனையும் எடுத்துச் சிகிச்சை கொடுங்கள். தொட்டியைக் குறைந்தது 6 வாரம் மீன் இல்லாமல் ஓட விடுங்கள். பிடிக்க மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழிந்துவிடும்.

கரையில் தண்ணீர் எடுப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் கவனம். ஆற்று வெள்ளம் கலந்து உப்பு இறங்கியிருக்கும். எடுத்த தண்ணீரைக் குளோரின் போட்டு, பிறகு குளோரினை நீக்கி, உப்பு அளந்த பிறகே பயன்படுத்துங்கள்.

விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்குக் கைப்பேசியிலேயே ஒரு வசதி உண்டு. மத்திய அரசு 2023-ல் வெளியிட்ட 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' செயலி வழியாக நோயைத் தெரிவிக்கலாம். புள்ளி தெரிந்த அன்றே தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போனாலும் அந்தப் படம் உதவும்.

அடுத்த மீன் வாங்கும் முன் தனித்தொட்டியைத் தயார் செய்யுங்கள். வீட்டில் இருக்கிற மீன்களைக் காப்பாற்றுவது அதுதான்.