ஒரே துணி, பல பாஷை
(திருப்பூரில் பனியன் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



ஒன்றரை ஷிப்டு வேலை முடித்து, முகம் கழுவக்கூட நேரமில்லாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்து விவசாயத் தொழிலாளிகளும் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கம்பெனி வாசலிலும் டீக்கடையிலும் நான் அதிகமாகக் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "வடக்கே இருந்து வந்தவன் குறைந்த கூலிக்கு நிற்கிறான், அவனால்தான் நமக்கு ரேட் ஏறவில்லை" என்பதே அந்தப் பேச்சு. வயல் வேலைக்காரர்களும் இதையே சொல்கிறார்கள். காவிரிப் பாசன வயல்களில்கூட வங்காளத்திலிருந்து வந்தவர்கள் நாற்று நடுகிறார்கள் அல்லவா? இப்படிச் சொல்கிறவர் கெட்டவர் அல்ல. வாடகை ஏறிவிட்டது, அரிசி விலை ஏறிவிட்டது, கூலி மட்டும் ஏறவில்லை. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபம் விழவேண்டிய இடத்தில்தான் விழுகிறதா?

இந்தத் திருப்பூரில் யார் வந்தேறி அல்ல என்று சொல்லுங்கள்! பல்லடத்திலும் தாராபுரத்திலும் கிணறு வற்றியபோது வந்தவர்கள் நாம். பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தோம். என் தகப்பனார் ஒரு பித்தளைக் குடத்தோடும் நாங்கள் மூன்று பிள்ளைகளோடும் லைன் வீட்டில் வந்து இறங்கினார். பதினொரு குடித்தனத்துக்கு ஒரு குழாய். "வெளியூர்க்காரன் வந்து தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறான்" என்று எங்களைச் சொன்னவர்களும் உண்டு.

இன்னும் பின்னால் போங்கள். நம் ஜனங்கள் கங்காணியின் பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்களே, அவர்கள் யார்? வழிச் செலவுக்கு வாங்கிய முன்பணம் கடனாகக் கழுத்தைப் பிடித்தது. கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்தைவிட்டு மறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்த முறையை 1921-ல்தான் ஒழித்தார்கள். மலையைத் தோட்டமாக்கிய அந்த மக்களைப் பார்த்துக் 'கள்ளத்தோணி' என்றார்கள். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. அன்று அந்தச் சொல் நம்மை எப்படிச் சுட்டது! இன்று நம் வாயிலிருந்து அதே மாதிரிச் சொல் பிறக்கலாமா?

தோழர்களே! கடலுக்கு அப்பால் ஒரு மில் ஊரின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, அது எந்த ஊரின் கதை என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அமெரிக்காவில் ஆலைகள் பெருகிய காலம். ஐரோப்பாவின் ஏழைக் கிராமங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்ற இடத்தில் 1892-லிருந்து 1954 வரை சுமார் 1 கோடியே 20 லட்சம் பேரைச் சோதித்து உள்ளே விட்டார்கள். இத்தாலியிலிருந்து வந்தவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்க ஒரு தரகன் இருந்தான். அவனுக்குப் 'பட்ரோன்' என்று பேர். முன்பணம் கொடுப்பான், கூலியில் பிடிப்பான். நம் கங்காணிக்கு அண்ணன் தம்பி! காற்றும் வெளிச்சமும் இல்லாத அடுக்குமாடி அறைகளில் குடும்பம் நடத்திக்கொண்டே, அதே அறையில் துணியும் தைத்தார்கள். ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் அந்த வீடுகளைப் படமெடுத்து 1890-ல் புத்தகமாக வெளியிட்டபோது ஊரே திடுக்கிட்டது.

மாசசூசெட்ஸ் மாகாணத்தில், மெரிமாக் ஆற்றங்கரையில் லாரன்ஸ் என்று ஒரு ஊர். கம்பளித் துணிக்கும் பருத்தித் துணிக்கும் பேர்போன மில் ஊர். இத்தாலியர், போலந்துக்காரர், லித்துவேனியர், சிரியர், ரஷ்யர் என்று இருபதுக்கு மேற்பட்ட பாஷை பேசுகிறவர்கள் அங்கே வேலை செய்தார்கள். ஒருவன் பேச்சு மற்றவனுக்குப் புரியாது. இவர்கள் எந்தக் காலத்தில் ஒன்று சேரப்போகிறார்கள் என்று முதலாளிகள் நிம்மதியாக இருந்தார்கள். திறமை வேலைக்காரர்களின் பழைய சங்கமும் அப்படித்தான் நினைத்தது.

1912 ஜனவரி முதல் தேதி, பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வாரத்துக்கு 56 மணி வேலையை 54 மணியாகக் குறைத்து ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. முதலாளிகள் என்ன செய்தார்கள்? இரண்டு மணி நேரக் கூலியை வெட்டினார்கள். ஜனவரி 11-ந் தேதி சம்பளக் கவரைப் பிரித்துப் பார்த்த போலந்துப் பெண்கள் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். சில நாட்களில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் தெருவில் நின்றார்கள்!

பாஷைக்கு என்ன செய்தார்கள்? இதுதான் நாம் கவனிக்கவேண்டிய விஷயம். ஒவ்வொரு பாஷைக்காரர்களும் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து வேலைநிறுத்தக் கமிட்டிக்கு அனுப்பினார்கள். கூட்டத்தில் பேசியதை ஒவ்வொரு பாஷையிலும் திருப்பிச் சொன்னார்கள். பொதுச் சமையல் வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். பட்டினியிலிருந்து காப்பாற்றப் பிள்ளைகளை வேறு ஊர்த் தொழிலாளர் வீடுகளுக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள். அப்படிப் போன 119 பிள்ளைகளில் நால்வருக்குத்தான் உள்ளாடை இருந்தது என்று, கூடப்போன நர்சு மார்கரெட் சாங்கர் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணையில் சாட்சி சொன்னார். உலகத்துக்கே துணி நெய்தவர்களின் பிள்ளைகள் அவர்கள்!

பிப்ரவரி 24-ந் தேதி ரயிலடியில் தாய்மார்களையும் பிள்ளைகளையும் போலீஸ் அடித்தது. தலைவர்களைக் கொலைவழக்கில் மாட்டினார்கள். நவம்பரில் கோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. பழைய சங்கத்தின் தலைவர்கள் வேலைநிறுத்தத்தை எதிர்த்தார்கள். அப்படியும் மார்ச்சு மாதம் தொழிலாளிகள் ஜெயித்தார்கள். 5 முதல் 25 சதவீதம் வரை கூலி உயர்ந்தது. அதிகம் உயர்ந்தது குறைந்த கூலிக்காரர்களுக்கே.

கதையின் கசப்பான பகுதியையும் மறைக்கக் கூடாது. போராட்டத்தில் கட்டிய சங்கத்தை அன்றாட வேலையில் கட்டிக்காக்கவில்லை. ஓரிரு வருஷத்தில் அது கரைந்துபோயிற்று. எழுச்சி வேறு, அமைப்பு வேறு.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் நின்ற ஊர் இது. அதன் பிறகு என்ன நடந்தது? கம்பெனி துண்டு துண்டாயிற்று. பீஸ் ரேட்டும் கான்ட்ராக்டும் பெருகின. அது பீகார்க்காரன் செய்த காரியமா? அன்று அவன் இங்கே இல்லையே!

இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், அசாமிலிருந்து நிலமில்லாத விவசாயக் கூலிகள் தன்பாத் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். 1979-ல் இவர்களுக்கென்று சட்டம் வந்தது. கான்ட்ராக்டருக்கு லைசென்சு வேண்டும், அதே வேலைக்கு அதே கூலி வேண்டும், இடப்பெயர்ச்சிப் படி வேண்டும் என்றது. 2020-ல் நிறைவேறிய தொகுப்புச் சட்டத்தில் அந்த இடப்பெயர்ச்சிப் படி காணாமற்போயிற்று. அதே 2020 மார்ச்சில் நாலு மணி நேர அவகாசத்தில் ஊரடங்கு போட்டு, இவர்களை நடுத்தெருவில் நிறுத்தினார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடவர்களை வெட்டுகிறார்கள் என்று பொய்ப் படங்கள் செல்போனில் பரவின. பயந்துபோய் ஜனங்கள் ரயிலடிக்கு ஓடினார்கள். பீகார் சர்க்காரின் அதிகாரிகளே திருப்பூருக்கு வந்து விசாரித்தார்கள். வதந்தியால் யாருக்கு லாபம்? தமிழ்த் தொழிலாளிக்குமில்லை, பீகார்த் தொழிலாளிக்குமில்லை.

அவன் ஏன் குறைந்த கூலிக்கு நிற்கிறான்? ரேட் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தங்கும் இடம் கான்ட்ராக்டர் கையில் இருக்கிறது. பக்கத்து மெஷினில் இருக்கிற நாம் அவன் பேரைக்கூடக் கேட்கவில்லை. அவனுடைய கூலிதான் நாளை நம்முடைய கூலி. அவன் ரேட் ஏறாமல் நம் ரேட் ஏறாது.

ஆகவே தோழர்களே, நாளைக் காலையிலிருந்தே செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்கிறேன். ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்ன் என்று ஒவ்வொரு வேலைக்கும் நமக்கு என்ன ரேட் என்பதைப் பக்கத்து மெஷின்காரரிடம் சொல்லுங்கள், அவருடைய ரேட்டைக் கேளுங்கள். சங்க நோட்டீசு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் வரவேண்டும். கமிட்டியில் அவர்கள் தேர்ந்தெடுத்த ஆள் உட்காரவேண்டும். ஊசி ஏறிக் கை புண்ணானாலும், ஜுரத்தில் படுத்தாலும், ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு நம்மில் ஒருவர் கூடப் போகவேண்டும்.

லாரன்ஸ் ஊரின் பிள்ளைகளை மறக்காதீர்கள். ஊருக்கெல்லாம் உள்ளாடை தைக்கிறவர்கள் நாம். பாஷை பலவாக இருந்தாலும் நம் எல்லார் கையிலும் ஓடுவது ஒரே துணிதான். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் பக்கத்து மெஷின்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் பாஷையில் திருப்பிச் சொல்ல ஆள் வைத்திருப்போம்.