கையில் இருக்கும் அப்பங்கள்



எங்கள் பிள்ளைகளுக்கு வீடுதான் பள்ளிக்கூடம். அங்கே பாடம் முடிந்ததென்று மணி அடிப்பதில்லை. மே மாதம் பிறந்தும் எங்களுக்குப் புத்தகத்தை மூட மனம் வரவில்லை. வராத பின்னக் கணக்கை விடுமுறையிலாவது முடிக்க மகளை உட்காரவைத்தோம். அவள் அழுதாள், நாங்கள் சினந்தோம்.

அன்று இரவு குடும்பச் செபத்தில் மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரம் வாசித்தோம். பணி முடித்துத் திரும்பிய திருத்தூதர்களுக்கு உண்ணவும் நேரமில்லை. இயேசு அவர்களை ஓய்வெடுக்க அழைத்துப் படகில் கூட்டிச் சென்றார். கரையில் மக்கள் காத்திருந்தார்கள். அவர்கள்மீது பரிவு கொண்டு, அதன்பின் கற்பித்தார். உணவளிக்கும் முன்போ, கையில் எத்தனை அப்பம் உண்டென்று பார்த்துவரச் சொன்னார்.

மறுநாள் புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டுப் பாட்டி வீட்டுக்குப் புறப்பட்டோம். ஜூன் மாதத்துக்கான தயாரிப்பாக, மகளுக்குத் தெரிந்தவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதினோம். பின்னம் அதில் இல்லை. ஆனால் ஒரு தோசையை நான்காகப் பிய்த்துத் தம்பி தங்கைகளுக்குச் சரியாகப் பங்கிடத் தெரிகிறது. அங்கிருந்தே தொடங்கப்போகிறோம்.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் இது பொருந்தும். பைகளையும் நோட்டுகளையும் வாங்குமுன், பிள்ளையின் கையில் இருக்கும் அப்பங்களை நாம் எண்ணிப் பார்ப்போம்.

ஆண்டவரே, களைத்த பெற்றோருக்கு ஓய்வும், கற்பிக்கும் வேளையில் பரிவும் தாரும். ஆமென்.