உள்ளூர்ச் சபையின் கையிலே ஒரு பயிரின் தலைவிதி



அரசியல் வேலை செய்கின்ற ஒருவன் கஞ்சாச் சட்டத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களிற் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். வடகடலோரத்திலே கேரளக் கஞ்சாப் பொதிகள் பிடிபட்ட செய்தியை அடிக்கடி வாசிக்கின்ற தாய்மாருக்கு அச்சொல்லே கசக்கும். அக்கசப்பு முற்றிலும் நியாயமானது. அதனைப் புகைப்பதற்கு வக்காலத்து வாங்க நான் இங்கு வரவில்லை. நான் எடுத்துக்கொண்ட வினா வேறு. ஒரு பயிரை வளர்க்கவும், அதிலிருந்து பண்டங்கள் செய்யவும், அவற்றை விற்கவும் சட்டம் இடங்கொடுத்த பின்னர், அவற்றை எங்கே செய்யலாம், எவ்வளவு செய்யலாம், எவர் செய்யலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருத்தல் வேண்டும்? மேலிருக்கும் அரசிடமா, ஊரவர் தெரிந்த சபையிடமா? அதிகாரப் பரவலைக் கேட்டு நிற்கின்ற நமக்கு இது அந்நியமான வினா அன்று.

இவ்வினாவை ஏட்டளவில் ஆராயாது நடைமுறையிற் பரீட்சித்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தைச் சொல்கிறேன். அம்மாநிலத்தின் கீழ் 58 மாவட்டங்களும், ஏறக்குறைய 480 நகரங்களும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மக்கள் தெரிந்த சபை உண்டு. பொதுச் சட்டத்துக்கு முரணாகாத உள்ளூர்ச் சட்டங்களைத் தத்தம் எல்லைக்குள் ஆக்கும் உரிமையை மாநில அரசியலமைப்பே அச்சபைகளுக்கு அளித்திருக்கிறது. மாநில அரசு கருணைகூர்ந்து கொடுத்த உரிமை அன்று என்பதை நண்பர்கள் கவனிக்கவேண்டும்.

1996 ஆம் ஆண்டிலே அம்மாநில மக்கள் வாக்களித்து, நோயாளர் மருந்தாகக் கஞ்சாவைப் பாவிப்பதற்கு இடங்கொடுத்தனர். கடைகள் முளைத்தன. ரிவர்சைட் என்னும் நகரம் அக்கடைகளைத் தன் எல்லைக்குள் முற்றாகத் தடைசெய்தது. மாநிலம் அனுமதித்ததை நகரம் தடுக்கலாமோ என்று வழக்கு எழுந்தது. 2013 இல் மாநில உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது: 1996 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றத்தண்டனையை நீக்கியதேயன்றி, எந்த ஊரிலும் கடை திறக்கும் உரிமையை எவருக்கும் கொடுக்கவில்லை, நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று விதிக்கும் அதிகாரம் நகரத்துக்கே உரியது, ஆகவே தடை செல்லும். தண்டனையை நீக்குவது ஒன்று, உரிமையை வழங்குவது வேறு. சட்டம் பயிலும் இளைஞர் இந்த வேற்றுமையை மனத்தில் பதித்துக்கொள்ளுதல் நன்று.

2016 நவம்பரில் மக்கள் இன்னொருமுறை வாக்களித்தனர். நூற்றுக்கு 57 பேரின் ஆதரவோடு, 21 வயது நிரம்பியவர் எவரும் 28.5 கிராம் வரை வைத்திருக்கலாம், வீட்டில் ஆறு செடிகள் வளர்க்கலாம் என்று சட்டமாயிற்று. வீட்டினுள்ளே வளர்க்கும் ஆறு செடிகளை எந்தச் சபையும் முற்றாகத் தடுக்க முடியாது. முற்றத்திலும் வளவிலும் வளர்ப்பதைத் தடுக்கலாம். வியாபாரத்தைப் பொறுத்தவரை கதை வேறு. பயிரிடுதல், பண்டமாக்குதல், விற்றல் ஆகிய மூன்றில் எதனையும், அல்லது மூன்றையுமே, தன் எல்லைக்குள் தடைசெய்யும் அதிகாரம் ஒவ்வொரு சபைக்கும் உண்டு. மாநிலத்தின் அனுமதிப்பத்திரம் கையிலிருந்தாலும் உள்ளூர்ச் சபை இணங்காவிடிற் கதவு திறவாது. பாடசாலையிலிருந்து 600 அடி தூரம் விலகியிருத்தல் வேண்டும் என்று மாநிலம் விதித்தது. அத்தூரத்தையும் சபை தன் ஊருக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்ளலாம். 2018 சனவரி முதலாம் திகதி கடைகள் திறந்தன. இன்றும் அம்மாநிலச் சபைகளிற் பாதிக்கு மேற்பட்டவை தம் எல்லைக்குள் ஒரு சில்லறைக் கடைக்குத்தானும் இடங்கொடுக்கவில்லை.

இது நமக்குப் புதிதன்று. தவறணை வேண்டுமா வேண்டாமா என்று ஊரவர் வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை நமது பாட்டன்மார் காலத்தில் இத்தீவிலும் இருந்தது. யாழ்ப்பாணத்திலே அவ்வாறு தவறணைகள் மூடப்பட்டன. மூடியதனாற் கள் மறைந்துவிட்டதா என்று கேட்டால் முதியவர்கள் சிரிப்பார்கள்; பின்னாளில் மரவரி முறை வந்த கதையும் அவர்களுக்குத் தெரியும். கலிபோர்ணியாவிலும் கடையைத் தடுத்த ஊர்களிற் கஞ்சா இல்லாமற் போகவில்லை. அனுமதியில்லாத வியாபாரி வரியும் கட்டுவதில்லை, தன் சரக்கிலே பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று சோதிப்பதுமில்லை. 2022 இல் மாநிலச் சட்டசபை தலையிட்டு, நோயாளருக்கு வீடு தேடிச் சென்று மருந்துக் கஞ்சா வழங்குவதை மட்டும் எந்த ஊரும் தடுக்கலாகாது என்று விதித்தது. 2024 சனவரியில் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. நோயாளிக்கு மருந்து மறுக்கப்படும் இடத்திலே ஊரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்தது சரியென்றே நான் கருதுகிறேன்.

இனிக் கமக்காரரின் பக்கம் வருவோம். கலவராஸ் என்ற மலைநாட்டு மாவட்டத்திலே 2015 செப்டெம்பரிற் பெருங்காட்டுத்தீ பரவி வீடுகளையும் நிலங்களையும் அழித்தது. அதன் பின்னர் கஞ்சாத் தோட்டங்கள் பெருகின. 2016 மே மாதத்தில் மாவட்டச் சபை அவசரச் சட்டம் ஒன்றை இயற்றியது: பதிவு செய்யுங்கள், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 5,000 டொலர் கட்டுங்கள், பயிரிடுங்கள் என்றது. 700 க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். வேலி போட்டனர், கிணறு தோண்டினர், கடன் பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் மக்களிடம் இரண்டு பிரேரணைகள் விடப்பட்டன. பயிரை ஒழுங்குபடுத்தி அனுமதிக்கும் பிரேரணையை மக்கள் நிராகரித்தனர். அப்பயிருக்கு வரி விதிக்கும் பிரேரணையை ஏற்றுக்கொண்டனர். ஒரே நாளில், ஒரே மக்கள்! அத்தேர்தலிற் சபையின் உறுப்பினரும் மாறினர். சபை வரியை வாங்கிக்கொண்டது. 2018 சனவரியில், வரி கட்டிய அதே கமக்காரரின் பயிரை, இரண்டுக்கு மூன்று என்ற வாக்குகளால் முற்றாகத் தடைசெய்தது.

ஐந்து பேர் இருந்த ஒரு மேசையில் ஒரேயொரு கை உயர்ந்ததனாற் நேற்றுவரை சட்டத்துக்கு உட்பட்டிருந்த கமக்காரன் குற்றவாளியானான். கட்டிய பணத்தைத் திருப்பித் தருமாறு பலர் வழக்குத் தொடுத்தனர். 2019 ஒக்ரோபரில் அதே சபை தடையை நீக்கி, மீண்டும் ஒழுங்குவிதிகளோடு அனுமதித்தது. நடுவிலே அழிந்த பயிருக்கும், ஈடுவைத்த காணிக்கும் யார் பொறுப்பு?

இதுவே இன்றைய பேச்சின் மையம். ஊர்ச்சபைக்கு அதிகாரம் வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் அனுமதி கொடுக்கும் அதிகாரத்தோடு, அந்த அனுமதியை நம்பி முதலிட்டவனுக்குப் பொறுப்புக்கூறும் கடமையும் சட்டத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ‘நியாயமான எதிர்பார்ப்பு’ என்ற கோட்பாட்டை நமது நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. வழக்காடி அதை நிலைநாட்டும் வரை தக்காளியும் வெங்காயமும் காத்திராது. சபை தன் மனத்தை மாற்றலாம். மாற்றுவது மக்களாட்சியின் உரிமை. எனினும் நின்ற பயிரை அறுவடை செய்யக் காலம் கொடாமலும், வாங்கிய கட்டணத்தைத் திருப்பாமலும் மாற்றுவது ஆட்சியன்று.

வரியும் அத்தகையதே. ஹம்போல்ட் மாவட்டம் அம்மாநிலத்தில் இப்பயிருக்குப் பேர்போன இடம்; சிறு தோட்டக்காரர் நிறைந்தது. 2016 இல் அங்கே மக்கள் வாக்கால் விதிக்கப்பட்ட வரி விளைச்சலின்மீது விழவில்லை, அனுமதி பெற்ற நிலத்தின்மீது விழுந்தது. வெளிவெயிலில் வளர்ப்பதற்குச் சதுர அடிக்கு ஒரு டொலர். 10,000 சதுர அடி, அதாவது நமது கணக்கில் நான்கு பரப்புக்கும் குறைவான நிலம், ஆண்டுக்கு 10,000 டொலர் வரி கட்டவேண்டும். விளைந்தாலும் கட்டவேண்டும், கருகினாலும் கட்டவேண்டும். 2021 இல் விலை சரிந்தபோது கமக்காரர் திணறினர். 2022 இல் மாவட்டச் சபையே அவ்வரியை நூற்றுக்கு 85 பங்கு குறைத்தது. நிறையின்மீது மாநிலம் விதித்திருந்த பயிர்வரியும் அவ்வாண்டு சூலையில் ஒழிக்கப்பட்டது. சபை கமக்காரருக்கு அண்மையில் இருந்தபடியால் அவர்கள் குரல் கேட்டது என்பதையும் நான் மறைக்கமாட்டேன். தலைநகருக்கு மனு அனுப்பிக் காத்திருப்போர் இதன் பெறுமதியை அறிவர்.

பெரும் முதலாளிகளிடமிருந்து சிறியவரைக் காப்பாற்றுவதாக 2016 ஆம் ஆண்டுச் சட்டம் வாக்களித்தது. ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட பெருந்தோட்ட அனுமதி 2023 வரை எவருக்கும் இல்லை என்றது. ஆனால் 2017 இல் மாநில விவசாயத் திணைக்களம் ஆக்கிய ஒழுங்குவிதிகள், ஒருவரே எத்தனை சிறுதோட்ட அனுமதியையும் சேர்த்து வைத்திருக்கலாம் என்று வழிவிட்டன. சிறுதோட்டம் என்ற பெயரில் ஏக்கர் கணக்காகப் பெருந்தோட்டங்கள் எழுந்தன. சட்டசபை முன்வாசலைப் பூட்ட, திணைக்களம் பின்வாசலைத் திறந்துவிட்டது. நமது காணிச் சட்டங்களின் வரலாறு அறிந்தவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அவ்வாறு பெருந்தோட்டங்கள் எழுந்த இடங்களில் ஒன்று சாந்தா பார்பரா மாவட்டம். அங்குள்ள காப்பின்ரீரியாப் பள்ளத்தாக்கிலே முன்னர் கண்ணாடிக் கூடாரங்களிற் பூ வளர்த்தனர். கொலம்பியாவிலிருந்து மலிவான பூ வந்து அத்தொழில் நலிந்தது. அக்கூடாரங்களிற் கஞ்சா புகுந்தது. அயலவர் துர்நாற்றத்தைப் பற்றி முறையிட்டனர். அது ஒருபுறம் இருக்க, அடுத்த காணியில் ஆனைக்கொய்யா வளர்த்த கமக்காரருக்கு எதிர்பாராத இடர் ஒன்று நேர்ந்தது. கஞ்சாவிற் கலந்திருக்கும் பூச்சிமருந்துக்குச் சட்டம் மிகக் கடுமையான எல்லை விதித்திருக்கிறது. ஆனைக்கொய்யாவுக்குத் தெளிக்கும் மருந்து காற்றிற் பறந்து பக்கத்துக் கஞ்சாவிற் படிந்தால் இலட்சக்கணக்கில் நட்டஈடு கேட்பார்கள் என்று அஞ்சி, மருந்து தெளிக்கும் நிறுவனங்கள் வரமறுத்தன. பல தலைமுறைகளாக நடந்த தொழில், அயற்காணியில் வந்த புதுப்பயிரால் முடங்கியது. புகையிலைக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கின்ற நமது தோட்டக்காரர் இதைச் சிந்திக்கவேண்டும். ஒரு பயிருக்கு அனுமதி கொடுக்கும் சட்டம், அதனருகில் உள்ள பயிரின் நிலையையும் வரையறுக்காவிட்டால், அது அரைகுறைச் சட்டமே.

பண்டமாக்குதலைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பியூற்றேன் போன்ற எரிவாயுவைக் கொண்டு சாறெடுக்கும் தொழிலகம் வெடிக்கக்கூடியது. அதனைக் குடியிருப்பினின்றும் விலக்கிக் கைத்தொழில் வலயத்துக்குள் வைப்பது எந்தச் சபையும் செய்யவேண்டிய கடமை. இலஞ்சத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இன்ன இடத்தில், இத்தனை பேருக்கு மட்டும் என்று அனுமதிப்பத்திரம் அருமையாக்கப்படும்போது, அதைக் கொடுக்கும் கைக்கு விலை ஏறுகின்றது. அடெலாண்டோ நகரசபையின் உறுப்பினர் ஒருவர் இவ்விவகாரத்தில் இலஞ்சம் வாங்கியதற்காக 2017 இற் கைதுசெய்யப்பட்டு, 2022 இற் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஊர்ச்சபை என்பதனால் உத்தமர் மட்டுமே அமர்வார்கள் என்று நாம் எவருக்கும் உறுதி கூறமுடியாது. பகிரங்கக் கூட்டம், எழுதிய காரணம், மேன்முறையீடு இவை மூன்றும் சட்டத்தில் இருந்தாற்தான் அக்கை கட்டுப்படும்.

இவற்றுக்கெல்லாம் மேலே சமஷ்டி அரசின் சட்டம் நிற்கின்றது. வீட்டில் தன் மருந்துக்காக வளர்த்த செடியைக்கூடத் தடைசெய்யும் அதிகாரம் அமெரிக்கக் காங்கிரசுக்கு உண்டு என்று அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 2005 இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நிற்கவே, மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தம் வழியே சென்றன. பலர் எண்ணுவதுபோல் சமஷ்டி என்பது சண்டையில்லாத ஏற்பாடன்று. சண்டையிட்டுக்கொண்டே நாட்டைப் பிரியாமல் நடத்தும் ஏற்பாடு.

நம் நாட்டின் நிலை என்ன என்று கேட்கிறீர்கள். 1929 ஆம் ஆண்டு நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அமைச்சரின் அனுமதிப்பத்திரமின்றிக் கஞ்சாச் செடியை நடுவதும் வைத்திருப்பதும் குற்றம். ஆயுர்வேத வைத்தியருக்கு மருந்து செய்வதற்காக அதனை வழங்க 1961 ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் இடமளிக்கிறது. 2025 இல் மீரிகமவில் ஏற்றுமதிக்கென்று மட்டும், வெளிநாட்டு முதலீட்டாளர் பயிரிடுவதற்கு முதலீட்டுச் சபையின் வழியாக அனுமதி அளிக்கப்பட்டது. பிரதேச சபைக்கோ உள்ளூர்க் கமக்காரனுக்கோ இம்முறையிற் சொல்வதற்கு ஏதும் வைக்கப்படவில்லை. கலிபோர்ணியாவிலே ஊர்ச்சபைக்கு அதிகாரம் மிஞ்சி, பொறுப்புக் குறைந்தது. இங்கே அதிகாரமே இல்லாதபடியாற் பொறுப்பைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

நாளை இதே அனுமதி வடக்கிலும் கிழக்கிலும் ஒரு நிலத்துக்கு வழங்கப்படலாம், வழங்கப்படாமலும் போகலாம். வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த ஊரே தீர்மானிக்கட்டும். நமது பாராளுமன்ற உறுப்பினர் கேட்கவேண்டியது, அத்தீர்மானத்துக்குரிய இடமும், அயற்பயிருக்குரிய காப்பும், அனுமதியை நம்பியவனுக்குரிய நட்டஈடும் சட்டத்தின் எழுத்திலே இருக்கவேண்டும் என்பதை.

அதற்கிடையில் ஒரு வேண்டுகோள். மருந்துப்பயிர் என்றும், வெளிநாட்டு முதலீடு என்றும் சொல்லிக்கொண்டு உங்கள் காணியை நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்டு எவரேனும் பத்திரத்தோடு வந்தால், அதில் எந்த அதிகாரியின் அனுமதி எண் இருக்கிறது, அது எத்தனை மாதத்துக்குச் செல்லும், சட்டம் மாறினால் நட்டம் யாருடையது என்று கேளுங்கள். கையொப்பமிடுமுன் அப்பத்திரத்தை இங்கிருக்கும் சட்டத்தரணிகளில் எவரிடமாயினும் கொண்டுவந்து காட்டுங்கள். அதை வாசித்துச் சொல்வதற்குக் காசு வேண்டாம்.