நாற்றமும் நஞ்சும்: பாலாற்றங்கரையில் நான்கு தலைமுறை



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவாகப் பேச வருகிறவர்கள் 'தமிழன்' இதழிலிருந்தோ அவருடைய பௌத்தத்திலிருந்தோ தொடங்குவது வழக்கம். நாங்கள் வேறொரு வாசல் வழியாக வருகிறோம். பத்திரிகை ஆசிரியர் ஆவதற்கு முன்பே பண்டிதர் ஒரு சித்த வைத்தியர். நாடி பிடிக்கிற வைத்தியர், வந்தவர் என்ன தின்கிறார், எங்கே குடியிருக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்று விசாரிக்காமல் மருந்து கொடுக்கமாட்டார்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய டேனரித் தொழிலாளர் குடியிருப்புகளில் நாங்கள் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டு திரிகிறோம். எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்போம். "ஆஸ்பத்திரியில என்ன வேலை பாக்குறீங்கன்னு உங்கள கேட்டாங்களா?" கேட்டதாகச் சொன்னவர்கள் சிலர்தான். "குடிப்பியான்னு கேட்டாங்க" என்று சொன்னவர்கள் நிறைய.

கேட்கப்படாத அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

எங்கள் தாத்தா, பாட்டி காலத்தில் தோல் பதனிடுவது சுண்ணாம்பிலும் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் நடந்தது. உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சவ்வு சீவி, பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் போட்டு எடுக்க வேண்டும். தொடை வரை குழிக்குள் நின்ற கால்கள் அவை. சுண்ணாம்பு தின்ற விரலிடுக்குகள். செத்த மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் அடைப்பான் நோய் வேறு. இப்போது சில சூழலியல் நண்பர்கள் அந்தப் பட்டைப் பதனிடலை 'இயற்கை முறை' என்று புகழ்கிறார்கள். ஒரே ஒரு பகல் சுண்ணாம்புக் குழியில் நின்றுவிட்டு வந்து புகழட்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

அந்தத் தலைமுறையை ஊர் அடையாளம் கண்டது நாற்றத்தால். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். டீக்கடையில் தனி டம்ளர். பள்ளிக்கூடத்தில் எங்கள் அப்பாக்களுக்குக் கடைசி பெஞ்சு. சாதியின் மூக்கு அவ்வளவு கூர்மையானது.

1970களில் காரியம் மாறியது. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலுக்கு ஊக்கம் கொடுத்தது. அந்நியச் செலாவணி வந்தது. கூடவே குரோமியமும் வந்தது. பட்டையில் வாரக்கணக்காகிற வேலையை டிரம்முக்குள் குரோமியம் ஓரிரு நாளில் முடித்துவிடும். ஆயத்தமாகக் கிடைக்கும் குரோம் பவுடர் பரவலாகாத காலத்தில் டேனரிக்குள்ளேயே டைகுரோமேட்டை அமிலத்தோடு சேர்த்து, வெல்லப்பாகு ஊற்றிக் காய்ச்சினார்கள். ஆவி பறக்கும் அந்தத் தொட்டியைக் கிளறியவர்கள் எங்கள் அப்பாக்கள். டைகுரோமேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். அது தோலில் பட்டால், வட்டமாகத் துளையிட்டாற்போல ஆறாத புண் வரும். மூச்சில் போனால் மூக்கின் நடுச்சுவரையே அரித்து ஓட்டை போடும். வலி அதிகமில்லாத ஓட்டை என்பதால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் "தொழில்னா அப்படித்தான்" என்று விட்டுவிட்டார்கள். ஆறு இணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1990இல் உறுதியாக வகைப்படுத்தியது. அதற்குள் எங்கள் அப்பாக்களின் நுரையீரல் பதினைந்து வருஷ சர்வீஸ் முடித்திருந்தது.

இந்தத் தொழிலுக்கு வேண்டிய குரோமியச் சரக்கைத் தயாரிக்க ராணிப்பேட்டையில் 1970களில் ஓர் ஆலை வந்தது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ். 1990களில் அது மூடப்பட்டது. 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மட்டும் அங்கேயே கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் கசியும். 2006இல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் வந்தபோது அதில் ராணிப்பேட்டையும் இருந்தது. குரோமிய மஞ்சளுக்கு நாற்றம் கிடையாது.

எங்கள் தலைமுறையில் பலர் டேனரிக்குள் கால் வைக்கவில்லை. படித்தோம். ஆனாலும் நஞ்சு வீட்டுக்கே வந்தது. டேனரியில் மருந்து வந்த நீல டிரம்மை மலிவாக வாங்கி, கழுவி, அதில்தான் குடிதண்ணீர் பிடித்து வைத்தோம். வெந்நீர் அடுப்பில் வெட்டுத் தோல் துண்டுகளைப் போட்டு எரித்தோம். குரோம் தோலை எரித்தால் அதிலுள்ள குரோமியம் கொடிய ஆறு இணைதிறன் வடிவத்துக்கு மாறக்கூடும் என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அந்தச் சாம்பலைப் போட்டுத்தான் பாத்திரம் துலக்கினோம்.

தண்ணீரைப் பற்றி நின்று பேச வேண்டும். 1927இல் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிக் குடித்த வரலாறு நமக்கெல்லாம் பால பாடம். அந்த உரிமை எங்கள் பக்கத்துக்கும் மெல்ல வந்து சேர்ந்தது. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் இளநீர் மாதிரி தண்ணீர் என்பார் பாட்டி. அதிலும் ஊர்க்காரர் ஊற்று வேறு, நம் ஊற்று வேறு. காலனிக்கென்று கிணறு வந்து, பொதுக்குழாய் வந்து, தடுக்க ஆளில்லாமல் நாம் குடம் வைக்கிற காலத்தில் தண்ணீர் உப்பாகிவிட்டது. சோறு வெந்தால் மஞ்சளாகும், பருப்பு வேகாது. தீட்டு போன கிணற்றில் உப்பும் ரசாயனமும் குடியேறின.

1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு அது. அதன் பெருமையைக் குறைக்கமாட்டோம். டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற கணக்கு அதில் இருக்கிறது. பின்னர் அமைந்த ஆணையம் இழப்பீட்டைக் கணக்கிட்டபோது நிலம்தான் அளவுகோலானது. பட்டா உள்ளவருக்கு ஏக்கர் கணக்கில் இழப்பு. அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவருக்கு இழப்பு என்ன? டேனரியில் மூக்கு ஓட்டையானவருக்கு என்ன? ஏக்கரில் அளக்க முடியாத உடம்பு கணக்குக்குள் வரவில்லை. அந்த இழப்பீடும் எல்லோருக்கும் போய்ச் சேராமல், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

தீர்ப்புக்குப் பின் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. கழிவு நிலையத்துக்குப் போனது; தொட்டியைச் சுத்தம் செய்ய மட்டும் மனிதர் உள்ளே இறங்கினார்கள். மயிர் நீக்கப் பயன்படும் சல்பைடும் அமிலமும் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். குறைந்த அளவில் அது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இன்னும் ஒரு படி இறங்குகிறவர் அங்கேயே விழுகிறார். தூக்கப் போகிறவரும் விழுகிறார்.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து டேனரிக்குள் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு புரண்டது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் பிள்ளைகள் விட்டுவிட்டு வந்த ஈர வேலையில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள். நாங்கள் தப்பித்தோம் என்று சொல்லும்போது இந்தப் பத்துப் பேரையும் நினைக்கிறோம்.

எங்கள் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். காலையில் வேன் வருகிறது, யூனிஃபார்ம் இருக்கிறது, யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. அடிப்பாகம் ஒட்டுகிற பசையின் வாசனை சில பிள்ளைகளுக்குப் பிடிக்கவும் செய்கிறது. இத்தகைய பசைகளில் கரைப்பானாகச் சேர்க்கப்படும் டொலுயீன் தலைவலியும் மயக்கமும் தரும். ஹெக்சேன் நாள்பட்டால் கைகால் நரம்புகளைக் கெடுத்து மரத்துப்போக வைக்கும். "கால் பஞ்சு மாதிரி இருக்குதுக்கா" என்று ஒரு பிள்ளை எங்களிடம் சொன்னாள். ரத்தசோகை என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவளிடமும் யாரும் வேலையைக் கேட்கவில்லை.

இந்த நஞ்சையெல்லாம் அளக்கக் கருவி இல்லையா? இருக்கிறது. தோல் ஆராய்ச்சிக்கென்றே 1948இல் சென்னையில் ஒரு தேசிய நிறுவனம் வந்துவிட்டது. ஜெர்மனி 1989இல் பென்டாகுளோரோபீனாலைத் தடுத்தபோது இங்கே டேனரிகள் பூஞ்சை மருந்தை மாற்றின. 1994இல் அசோ சாயங்களில் சிலவற்றைத் தடுத்தபோது சாயத்தை மாற்றின. 2015 மே முதல், தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. அன்றிலிருந்து ஏற்றுமதிக்குப் போகும் தோல் சோதனைச் சான்றோடு போகிறது. அந்த ஷூவைப் போடுகிற கால் அரிக்கக் கூடாது என்பது நியாயம்தான். அதே தோலை டிரம்மிலிருந்து இழுத்துப் போட்ட கைக்கு என்ன சோதனை, எந்தச் சான்று?

நிரந்தரத் தொழிலாளி என்றால் ஈ.எஸ்.ஐ. அட்டையாவது இருக்கும். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர் முப்பது வருஷம் வேலை செய்தாலும் எந்தப் பதிவேட்டிலும் பெயர் இருக்காது. வேலை செய்ததற்கே சான்று இல்லாதபோது வேலையால் வந்த நோய்க்கு எங்கே சான்று?

அதனால் நாங்கள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். தெருவாரியாக எழுதுகிறோம். எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை வேலை, சுண்ணாம்பா, டிரம்மா, சாயமா, ஒட்டும் பிரிவா, என்ன மருந்தைத் தொட்டார், எப்போது என்ன நோவு தொடங்கியது, வீட்டில் எந்தத் தண்ணீர். இறந்தவர்களுக்கும் எழுதுகிறோம். "குடிச்சே செத்தாரு" என்று முடித்துவிட்ட பலருக்கு இருபது வருஷ டிரம் வேலை இருக்கிறது என்பது எழுதும்போதுதான் அவர் வீட்டாருக்கே உறைக்கிறது. சமூகவியல் வகுப்பில் சொல்லித்தந்த ஆய்வு முறைக்குள் இது அடங்குமா என்று தெரியாது. ஒரு மருத்துவரும் ஒரு வழக்கறிஞரும் படித்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு பாட்டியிடம் எழுதப் போனோம். சவ்வு சீவியவர். எல்லாம் சொன்னார். கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தி, "எம் பேத்தி பேரையும் எழுதிக்கோ, இப்பத்தான் கம்பெனியில சேந்துருக்கா" என்றார். அவள் பெயரை எழுதி, நோய் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தோம்.